வருகைப் பணம் ஏன் பலிக்கவில்லை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மொத்தம் 42 பேர், அதில் 30 பேர் பெண்கள். வானூர், மயிலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். அடிக்கடி லீவு போடுகிறார்கள் என்று, ஒரு நாள்கூட விடாமல் வந்தால் மாதம் 1,000 ரூபாய் என முதலாளி அறிவித்தார். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று ஒருவர் போட்டோவையும் மாட்டுகிறோம். இரண்டு மாதம் நன்றாகப் போனது, பிறகு பழையபடிதான். போன மாதம் பக்கத்துக் கம்பெனியில் 500 ரூபாய் கூடுதல் என்று மூன்று பேர் போய்விட்டார்கள். "எவ்வளவு கொடுத்தாலும் போதாது" என்கிறார் முதலாளி. இவர்களை ஆர்வமாக வேலை செய்ய வைக்க என்ன வழி?

ஒரு வாசகர், சேதராப்பட்டு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 1,000 ரூபாயைப் பாருங்கள். 3-ஆம் தேதி ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டால் அந்த மாதப் பணம் அன்றே போய்விட்டது. மிச்சமுள்ள நாட்களுக்கு உங்கள் திட்டத்தில் அவருக்கு எதுவும் இல்லை. இன்னொரு நாள் லீவு போட்டாலும் நஷ்டமில்லை என்று அவரே கணக்குப் போட்டுவிடுவார். அதே பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்: முழுதாக வந்த வாரத்துக்கு 200 ரூபாய், நான்கு வாரமும் வந்தவருக்கு மேலும் 200. மாசி மகத்துக்கும் மயிலம் பங்குனி உத்திரத்துக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் லீவு கேட்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். காலண்டரைச் சுவரில் மாட்டி மாதத் தொடக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். சொல்லி எடுக்கும் லீவையும் சொல்லாமல் எடுக்கும் லீவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இனி 500 ரூபாய். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் பேசிய உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் ஒரு விஷயத்தைச் சொன்னார்: சம்பளம், மேற்பார்வை, வேலை செய்யும் இடம் இவை மோசமாக இருந்தால் மனக்கசப்பு வரும், சரியாக இருந்தால் கசப்பு போகும், அவ்வளவுதான். ஆர்வம் வருவது வேலையிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் கிடைக்கும் மதிப்பிலிருந்தும். அதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. வாடகைக்கும் ஸ்கூல் பீசுக்கும் இழுபறியாக இருப்பவருக்குக் கூலிதான் முதல் விஷயம். பக்கத்துக் கம்பெனி கூலிக்கும் உங்களுடையதற்கும் உண்மையிலேயே இடைவெளி இருந்தால் அதை மூடாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. ஆனால் 500 ரூபாய்க்குப் போனவர்கள் பெரும்பாலும் 500 ரூபாய்க்காக மட்டும் போவதில்லை. கசப்பு எங்கே சேர்கிறது என்று உங்கள் ஷெட்டுக்குள்ளேயே தேடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஈரம் இழுக்கும். தரையிலும் சுவரை ஒட்டியும் அடுக்கி வைத்தால் சீக்கிரமே வளைந்து நமுத்துவிடும். அந்த அட்டையில் அடித்த கம்பிப் பின் பிடிக்காது, ஒட்டிய பசை காயாது, மூடி பிரியும். பார்ட்டி பெட்டிகளைத் திருப்பி அனுப்புவார். திட்டு விழுவது ஸ்டிச்சிங் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு. அட்டையைக் கையில் தொட்டதுமே அவருக்குத் தெரியும் இது நிற்காது என்று. ஆனால் சொல்ல இடமில்லை. சொன்னால் சாக்கு என்பார்கள். இப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாவது முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அட்டையை மரப் பலகைமேல் நான்கு அங்குலம் உயர்த்தி, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். அதைவிட முக்கியம், நமுத்த அட்டையைத் தானே ஒதுக்கி வைக்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள். ஒதுக்கியதை அன்று மாலையே நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். அட்டை வராமல் மெஷின் நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு என்று எழுதிப் போடுங்கள்.

ஓவர்டைம்: ஐந்து மணிக்குப் போய் "இன்னைக்கு எட்டு மணி வரைக்கும் இருங்க" என்பது பெண்களுக்குப் பெரிய அடி. கடைசி பஸ், வீட்டில் பிள்ளை, மாமியார் பேச்சு. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லுங்கள், முடியாது என்பவரை விட்டுவிடுங்கள், சட்டப்படி இரட்டிப்புக் கூலி கொடுங்கள். இது புதுச்சேரி. ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர். வேலை நேரம் இங்கே சின்ன விஷயமாக இருந்ததே இல்லை.

சம்பளச் சீட்டில் பிடித்தம் எதற்கென்று பலருக்கும் புரிவதில்லை. பி.எப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் என்று ஒருநாள் உட்கார்ந்து விளக்குங்கள். அவரவர் போனிலேயே பி.எப். பாஸ்புக்கைத் திறந்து, கம்பெனி போட்ட பணத்தையும் காட்டுங்கள். ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது முன்பணம் கொடுத்து ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

அந்த போட்டோவைக் கழற்றிவிடுங்கள். ஒருவரைத் தூக்கி 41 பேரை இறக்குகிறது. மூன்றாம் மாதமும் அதே முகம் வந்தால் சூப்பர்வைசருக்கு வேண்டியவர் என்று பேச்சு வரும், அந்தப் பெண்ணுக்கும் அது தொல்லை. அதற்குப் பதிலாகப் படிகள் வையுங்கள்: ஹெல்பர், மெஷின் ஓட்டுபவர், மெஷினை செட் பண்ணத் தெரிந்தவர். ஒவ்வொரு படிக்கும் என்ன தெரிய வேண்டும், கூலி எவ்வளவு ஏறும், எந்த மாதம் சோதித்துப் பார்ப்பீர்கள் என்று சுவரில் ஒட்டுங்கள். பாராட்டும்போது "நல்லா பண்றீங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "நேத்து நீங்க அடிச்ச 600 பெட்டியில ஒண்ணுகூட திரும்பி வரலம்மா" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள் என்பது அவருக்குப் புரியும்.

முதலாளியிடம் பேசும்போது ஆர்வம், ஊக்கம் என்று ஆரம்பிக்க வேண்டாம். போன மூன்று பேருக்குப் பதில் வந்தவர்கள் கை பழகும்வரை வீணான அட்டையை எடை போட்டு, அந்தக் கணக்கோடு போங்கள். போன மூவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனித்தனியே பார்த்து, எந்த நாளில் போக முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். ஏன் என்று கேட்டால் 500 ரூபாய் என்பார்கள். எந்த நாள் என்று கேட்டால் அன்று ஷெட்டில் நடந்ததைச் சொல்வார்கள்.