தோட்டத்தில் வெண்டி ஹவுஸ் வைத்து வாடகைக்கு விடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் எங்களுக்குச் சொந்த வீடு, பின்பக்கம் நல்ல காலி இடம். அங்கே 6 மீட்டருக்கு 4 மீட்டர் அளவில் வெண்டி ஹவுஸ் (தோட்டத்தில் வைக்கும் ஆயத்த மரக் குடில்) ஒன்று வைத்து, உம்ட்லோட்டி கடற்கரைக்கு விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விட நினைக்கிறேன். “மர வீடுதானே, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், பிளான் தேவையில்லை” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டடச் சட்டம் மரமா செங்கல்லா, நிரந்தரமா தற்காலிகமா என்று பார்ப்பதில்லை. மனிதர் தங்குவதற்கான எந்த அமைப்பும் அதன் கண்ணில் கட்டடம்தான். பிளான் போடாமல் விடக்கூடிய சிறு வேலைகள் என்று ஒரு பட்டியல் உண்டு: 10 சதுர மீட்டருக்கு மேற்படாத கருவி அறை, 5 சதுர மீட்டருக்குள் குழந்தைகள் விளையாட்டு வீடு, 10 சதுர மீட்டருக்குள் கோழிக்கூடு, இப்படி. இவற்றுக்கும் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். விற்பவர்கள் இந்தப் பட்டியலை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். உங்களுடையது 24 சதுர மீட்டர், அதிலும் ஆள் படுத்துத் தூங்கும் இடம். பட்டியலுக்குப் பக்கத்தில்கூட வராது.

இதில் உண்மையில் இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். ஒன்று, அந்த மனையில் அந்தத் தொழிலைச் செய்யலாமா என்பது. மற்றது, அந்தக் கட்டடத்தை எழுப்பலாமா என்பது. முதலாவது கிடைக்காமல் இரண்டாவதில் செலவு செய்வது வீண். காவடிக்கு வரும் சொந்தக்காரர்கள் சும்மா தங்கிப் போனால் தொழில் என்ற கேள்வி எழாது, பிளான் மட்டும் போதும். பணம் வாங்கி விருந்தாளிகளை வைக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது.

எனவே முதலில் வீட்டின் டைட்டில் டீடை (உரிமைப் பத்திரத்தை) எடுத்து ஒவ்வொரு நிபந்தனையாகப் படியுங்கள். கையில் இல்லாவிட்டால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் நகல் கிடைக்கும். பழைய மனைகளின் பத்திரங்களில் “ஒரே ஒரு வீடு மட்டும்” என்றோ, எல்லையிலிருந்து இவ்வளவு அடி விட வேண்டும் என்றோ எழுதியிருப்பது சகஜம். நகராட்சி சரி என்றாலும் அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தும். அதை நீக்கத் தனி விண்ணப்பம் போட வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்து, ஈத்தெக்வினி (டர்பன்) நகராட்சியின் திட்டப் பிரிவில் உங்கள் மனையின் ஸோனிங் (எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வகை) என்ன, அதில் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் (காலை உணவோடு தங்கும் இடம்) போன்ற தொழில் நேரடியாக அனுமதிக்கப்பட்டதா, சிறப்பு ஒப்புதல் வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புப் போகும். வேலியைத் தாண்டி முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசி வையுங்கள். கார் எங்கே நிற்கும், இரவில் பாட்டுச் சத்தம் இருக்குமா, இந்த இரண்டுக்கும்தான் ஆட்சேபணை அதிகம் வரும்.

அப்புறம் பிளான். சேகாப்பில் (தென்னாப்பிரிக்கக் கட்டடக்கலைத் தொழில் மன்றத்தில்) பதிவு செய்தவர்தான் வரைய வேண்டும். 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு முழுமையான விண்ணப்பம் சேர்ந்த 30 நாளுக்குள் நகராட்சி முடிவு சொல்ல வேண்டும். அனுமதி வந்தபின் 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

விற்பவரின் கேடலாக்கில் வராத விஷயங்கள் நாலைந்து உண்டு. வசிக்கும் அறைக்கு 6 சதுர மீட்டர் பரப்பும், எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையாத அளவும் வேண்டும். மரச் சுவர் வேலியை ஒட்டி நிற்க முடியாது, தீ விதிகள் இடைவெளி கேட்கும். சுடுநீரில் குறைந்தது பாதியைச் சாதாரண மின் கீஸர் அல்லாத வழியில் சூடாக்க வேண்டும், அதனால் சோலார் கீஸருக்கோ ஹீட் பம்ப்புக்கோ (காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் கருவி) இப்போதே பணம் ஒதுக்குங்கள். நம் கரையோர ஈரத்துக்கும் கரையானுக்கும் பதப்படுத்தாத மரம் தாங்காது: சட்டகத்துக்கு எச்2, வெளியே மழை படும் மரத்துக்கு எச்3, மண்ணில் ஊன்றும் கம்பத்துக்கு எச்4 என்ற, பதப்படுத்திய தரத்தைக் காட்டும் முத்திரையை நீங்களே பார்த்து வாங்குங்கள். பின்பக்கம் சாக்கடைக் குழாய் ஓடுகிறதா என்றும் பாருங்கள், அதன் மேல் கட்ட விடமாட்டார்கள். நிலம் சரிவாக இருந்தால் மழைநீர் போகும் வழியைப் பிளானிலேயே காட்டச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சரிவுகள் என்ன செய்தன என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அனுமதி இல்லாமல் கட்டினால் சட்டம் சொல்லும் அபராதம் நாளுக்கு 100 ராண்ட் வரைதான். அதைக் கேட்டு “கட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம்” என்கிறார்கள் சிலர். பயப்பட வேண்டியது 21-ஆம் பிரிவுக்கு, அதன்கீழ் நீதிமன்றம் இடிக்க உத்தரவிடலாம். கென்டன்-ஆன்-சீ என்ற கடற்கரை ஊரில் அனுமதியின்றி எழுந்த ஒரு பெரிய வீட்டுக்கு 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. அதோடு, தீயோ திருட்டோ நடந்தால் அனுமதியில்லாத கட்டடத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். வேலை முடிந்ததும் குடியிருப்புச் சான்றிதழ் (கட்டடத்தில் ஆள் தங்கலாம் என்று நகராட்சி தருவது) வாங்காமல் முதல் விருந்தாளியை ஏற்காதீர்கள், அது தனிக் குற்றம்.

விற்பவரிடம் பேரம் பேசும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒப்புதலோ பிளானோ மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்று. அதற்கு அவர் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.