பலர் சேர்ந்து விளையாடும் கேமை வைத்து டிராஃபிக் சிக்னல் நேரத்தைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். சாலைகளையும் வண்டி ஓட்டத்தையும் கணினி விளையாட்டாக்கி, சிக்னல் நேரங்களை யார் வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்க விடுவதுதான் இந்த முறை. வண்டிகள் காத்திருக்கும் நேரம் குறையக் குறைய மதிப்பெண் ஏறும்.

இதற்கு எதற்கு இத்தனை பேர்? 300 மீட்டர் இடைவெளியில் இரண்டு சிக்னல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 30 வினாடியில் அடுத்ததை எட்டிவிடும். அங்கே பச்சையை 30 வினாடி தள்ளிப் போட்டால் நிற்காமல் போகலாம். சரி, எதிர்த்திசை? ஒரு சுற்று 90 வினாடி, அதில் பச்சை 45 வினாடி என்றால், இரண்டாவது சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்பி வருபவர் முதல் சிக்னலில் 30 வினாடி நின்றே ஆகவேண்டும். சின்ன அறையில் கட்டிலை நகர்த்தினால் அலமாரிக் கதவு திறக்காமல் போகுமே, அதே சிக்கல்தான். 10 சிக்னல், ஒவ்வொன்றுக்கும் 10 தேர்வு என்றாலே 1000 கோடி சேர்க்கைகள் வந்துவிடும்!

கணினி வேகமாகத் தேடும். ஆனால் ஓரளவு நல்ல விடையிலேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. மனிதக் கண்ணோ, நெரிசல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துத் துணிந்து வேறு வழி முயலும். 2008-இல் வந்த ஃபோல்டிட் விளையாட்டில், புரதம் மடியும் விதத்தைக் கண்டுபிடிக்க சாதாரண மக்களே உதவினார்கள். அதனால் இந்த யோசனையை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

அப்புறம், விளையாடுபவர் கைக்கு நிஜ சிக்னல் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, கிடைத்த யோசனைகளைப் பொறியாளர்கள் சோதித்த பிறகே சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.