நப்பின்னை என்று பெயர் வைக்கலாமா? – கேள்வி பதில்

பேத்திக்கு நப்பின்னை என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று போன வாரம் ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த கேள்விகளைப் பார்த்தால் ஏதோ தேர்தல் முடிவு அறிவித்த மாதிரி இருக்கிறது. முப்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜாதகம், எண் கணிதம் எல்லாம் என் துறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதுத்தாய்: டீச்சர், இந்தப் பெயருக்கு என்ன பொருள்? ஒரு வரியில் சொன்னால் போதும், மாமியாரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு வரியில் என்றால், 'நல்ல பின்னை'. மாமியார் அடுத்து "பின்னை என்றால் என்ன" என்று கேட்பார். இளையவள், தங்கை என்று சொல்லுங்கள். முன்னால் இருக்கும் 'ந' சிறப்பைக் காட்டுவது. நக்கீரர், நப்பூதனார், நச்செள்ளை, நப்பசலை எல்லாம் அதே வார்ப்புதான். கடைசி இரண்டும் சங்ககாலப் பெண் புலவர்களின் பெயர்கள். நச்செள்ளையார் பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடியவர்.

ஒரு எச்சரிக்கை. 'நல் + பின்னை' என்று பிரித்து நற்பின்னை என்று எழுதாதீர்கள். திருத்துகிறேன் என்று நினைத்துக் கெடுக்கும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏழுமலையான்: கண்ணனின் மனைவி பெயர்தானே? ராதைக்குத் தமிழில் வைத்த பெயரா?

ராதை இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது.

பாகவதத்தில் ராதை என்ற பெயரே வெளிப்படையாக வருவதில்லை. அந்தப் பெயரை நாடெங்கும் கொண்டு சேர்த்தது 12ஆம் நூற்றாண்டின் கீத கோவிந்தம். நப்பின்னையோ தமிழில் அதற்கு வெகு முன்பே இருப்பவள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரைப் புறஞ்சேரியில் மாதரி வீட்டில் தங்கியிருக்கிறாள். கோவலன் வெட்டுப்பட்ட நாளில் ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது. ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று மாதரி குரவை (கைகோத்து ஆடும் ஆட்டம்) ஆடச் சொல்கிறாள். ஏழு பெண்களை நிறுத்தி ஏழு சுரங்களின் பெயரை வைக்கிறாள். குரல் என்பவளை மாயவன் என்கிறாள், இளியைப் பலதேவன் என்கிறாள், துத்தத்தை 'ஆய்மகள் பின்னை' என்கிறாள். ஆக நப்பின்னை கதையில் மட்டும் வருகிறவள் இல்லை, ஆட்டத்தில் நடுவில் நின்றவள்.

இதைவிட எனக்குப் பிடித்த செய்தி வேறு. மணிமேகலை பௌத்த நூல். அதிலும் 'மாமணி வண்ணனும் தம்முனும் பிஞ்ஞையும் ஆடிய குரவை' என்று வருகிறது. பிஞ்ஞை என்பது பின்னைதான். சீவக சிந்தாமணி சமண நூல். அதில் ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகள் கோவிந்தையை மணக்கச் சொல்லிச் சீவகனிடம் பேசுகிறான். குலத்தைப் பார்க்காதே, முருகன் வள்ளியை மணக்கவில்லையா, நிலமகள் கணவனான திருமால் நப்பின்னையை அடையவில்லையா என்கிறான். எந்த மதத்துக்காரர் எழுதினாலும், இடையர் வீட்டுப் பெண் என்றதும் நினைவுக்கு வந்தவள் இவள்தான்.

காளை அடக்கிய கதையும் உண்டு. ஏழு எருதுகளை அடக்கி அவளை மணந்தான் என்று ஆழ்வார்கள் பாடுகிறார்கள். பாகவதத்தில் கோசல நாட்டு அரசன் மகள் நாக்னஜிதிக்கும் ஏழு காளைக் கதை இருக்கிறது. ஆனால் நம் நப்பின்னை அரசன் மகள் இல்லை. யசோதையின் உடன்பிறந்தான் மகள், அதாவது முறைப்பெண், என்பது வைணவ மரபு. இது எவ்வளவு தமிழ்த்தனமான ஏற்பாடு என்று பாருங்கள்.

மார்கழிக்கோலம்: திருப்பாவையில் எந்தப் பாட்டில் வருகிறது?

18, 19, 20. மூன்றிலும் அவளை எழுப்புகிறார்கள். 18ஆவது, 'உந்து மதகளிற்றன்'. ராமானுஜர் பிச்சைக்குப் போகும்போது திருப்பாவை சொல்லிக்கொண்டே போவாராம். தன் குரு பெரிய நம்பியின் வீட்டு வாசலில் 'சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்' என்று முடிக்கும் நேரத்தில், நம்பியின் மகள் அத்துழாய் வளையல் ஒலிக்கக் கதவைத் திறந்தாள். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று ராமானுஜர் அப்படியே கீழே விழுந்தார் என்பது குருபரம்பரைக் கதை. (அத்துழாயும் அருமையான பெயர். துழாய் என்றால் துளசி. யாராவது வையுங்களேன்.)

கணக்குப்புலி: எண் கணிதப்படி இது நல்ல பெயரா? ஆங்கிலத்தில் இரண்டு 'பி' போட்டால் கூட்டுத்தொகை மாறுகிறதே?

என் துறை இல்லை.

அப்பாவி அப்பா: 'ந' எந்த நட்சத்திரம்?

அனுஷத்துக்கு ந, நி, நு, நே என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் ஜோசியரைக் கேளுங்கள்.

சிங்கைச்செல்வி: இப்போது எத்தனை பேர் இந்தப் பெயரை வைக்கிறார்கள்? ஓர் இணையதளத்தில் 0.3 சதவீதம் என்று போட்டிருக்கிறது.

அந்தத் தளத்தை மூடிவிடுங்கள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறை 1880 முதலான பெயர்களை எண்ணிக்கையோடு வெளியிடுகிறது, ஒரு வருடத்தில் ஐந்து குழந்தைகளுக்கு வைத்திருந்தால் கூடப் பட்டியலில் வந்துவிடும். அப்படி ஒரு பட்டியல் நம் ஊரில் கிடையாது. பிறகு சதவீதம் எங்கிருந்து வரும்? அதே தளங்கள்தான் எந்தப் பெயரைத் தட்டினாலும் 'அழகு, அதிர்ஷ்டம், ஒளி' என்று பொருள் போடுகின்றன. என் அனுபவம் வேண்டுமானால் சொல்கிறேன். முப்பது வருட வருகைப் பதிவேட்டில் நப்பின்னைகள் இரண்டு பேர். இரண்டும் வைணவக் குடும்பங்கள். கோதைகள் எத்தனையோ, யாழினிகள் கடைசிப் பத்து வருடத்தில் வகுப்புக்கு இரண்டு.

சடைக்கட்சி: டீச்சர், 'இளையவள்' என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பின்னை என்றால் பின்னல், சடை. 18ஆவது பாட்டில் 'கந்தம் கமழும் குழலீ', 19இல் 'கொத்தலர் பூங்குழல் நப்பின்னை'. எல்லாம் கூந்தல்தான்!

வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன். பூச்சூடிய கூந்தல் எந்தத் தலைவிக்கு இல்லை? 20ஆவது பாட்டில் 'செப்பன்ன மென்முலைச் செவ்வாய்ச் சிறுமருங்குல்' என்கிறாள் ஆண்டாள். அங்கே கூந்தலே இல்லை. என் கட்சிக்குச் சிலப்பதிகாரமே சாட்சி. துத்தத்தைப் 'பின்னையாம்' என்று சொன்ன கையோடு 'மற்றையார் முன்னையாம்' என்று வருகிறது. பின்–முன் என்று எதிரெதிரே வைத்திருக்கிறார் இளங்கோ.

சடைக்கட்சி: அது சொல்விளையாட்டு. சிலேடைக்கு வைத்ததை வேர்ச்சொல்லுக்குச் சாட்சி ஆக்க முடியுமா? மணிமேகலையில் 'பிஞ்ஞை' என்று இருப்பதை நீங்களே சொன்னீர்கள். சடைமுடி வைத்த சிவனுக்குப் பிஞ்ஞகன் என்று பெயர்.

ஞ்ஞ வந்ததால் மட்டும் சடை ஆகிவிடாது. அன்னை என்பதற்குக்கூட அஞ்ஞை என்று பழைய வடிவம் உண்டு. அது வெறும் ஒலிமாற்றம்.

பாலக்காட்டுப் பேத்தி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் 'பின்னே' என்றால் 'அப்புறம்'. மலையாள வகுப்பில் என் மகள் பெயரைக் கூப்பிட்டாலே சிரிப்பார்களே?

சிரித்தால் சிரிக்கட்டும். நான் பயப்படுவது வேறு: வீட்டில் 'நப்பி' என்று சுருக்காதீர்கள். நப்பி என்றால் கஞ்சன். பின்னை என்றே கூப்பிடுங்கள்.

சடைக்கட்சி: விஷயத்துக்கு வாருங்கள் டீச்சர். குறளைப் புகழும் திருவள்ளுவமாலையில் 'உபகேசி தோள்மணந்தான்' என்று இருக்கிறதே, அந்த உபகேசி யார்?

...சரி. இந்த இடத்தில் நான் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். உபகேசி என்று அங்கே சொல்வது நப்பின்னையைத்தான் என்பது உரைகாரர் வழி, கேசம் என்றால் கூந்தல்தான். வடமொழியில் அவளுக்குப் பெயர் சொல்ல வேண்டி வந்தபோது ஒருவர் கூந்தலை வைத்துச் சொல்லியிருக்கிறார் என்றால், பின்னை என்றதும் அவர் காதில் பின்னல் விழுந்திருக்கிறது. பராசர பட்டர் தன் தனியனில் (திருப்பாவைக்கு முன்னால் சொல்லும் வாழ்த்துச் செய்யுளில்) அவளை நீளா என்கிறார், அது வேறு வழி. ஆனால் உபகேசிக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முப்பது வருடம் 'இளையவள்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் இரண்டையும் சொல்வேன். ஆனால் முன்னை–பின்னையை நான் விட்டுக்கொடுக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்புலி: டீச்சர், எண் கணிதம் பற்றிப் பதில் வரவில்லை.

வந்துவிட்டது. மேலே பாருங்கள்.

நெல்லைத்தம்பி: பையனுக்கு இந்த மாதிரி அரிய பெயர்?

இன்று பெண் பெயர் மட்டும்.

ராதாரமணன்: நப்பின்னைதானே பிறகு ராதை ஆனாள்?

ஏழுமலையானுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மூன்றுமாதம்: முடிவு செய்துவிட்டோம் டீச்சர், நப்பின்னைதான். ஆனால் பாப்பா தலையில் ஒரு முடி இல்லை. சடை என்று பொருள் சொன்னால் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்களே?

அதுவரை இளையவள் என்று சொல்லுங்கள். முடி வளர்ந்த பிறகு சடைக்கட்சிக்கு மாறிக்கொள்ளலாம். பிறப்புப் பதிவில் பெயர் சேர்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பதிவு செய்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தை நீங்களே கையால் எழுதிக் கொடுங்கள், அங்கே யாராவது நற்பின்னை என்று திருத்திவிடப் போகிறார்கள்.