வகுப்பில் எல்லோரும் விளையாடுகிறார்களாம்!

கேள்வி: இந்த வருடம் (2024) தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 வியாழக்கிழமை வருகின்றன. காலையில் எண்ணெய் முழுக்கு, மாலையில் பூசணிக்காய் விளக்கு என்று வீடே இப்போதே அமளிதுமளியாக இருக்கிறது. 14 வயது மகன் ‘சைலன்ட் ஹில் 2’ என்ற பேய் வீடியோ கேம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வகுப்பில் எல்லோரும் விளையாடுகிறார்களாம். 9 வயது மகளோ, அண்ணன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரவில் என் போர்வைக்குள் வந்து புகுந்துகொள்வாள். “நானும் கொழும்பு வெள்ளவத்தையில் நண்பன் வீட்டில் ரெசிடென்ட் ஈவில் விளையாடித்தானே வளர்ந்தேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?” என்கிறார் கணவர். நல்ல நாளும் அதுவுமாகப் பேய் விளையாட்டா என்று மாமியாருக்குக் கோபம். வீட்டில் ஒரு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் என்று இரண்டு கேம் கருவிகள் இருக்கின்றன. எதை வாங்கலாம், எதை விடலாம்?
- பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ, கனடா

பதில்: அன்புள்ள சகோதரி, வகுப்பில் எல்லோரும் விளையாடுவதில்லை. இரண்டு பேர் விளையாடியிருப்பார்கள். மீதிப் பேர் யூடியூபில் பார்த்துவிட்டு விளையாடியதாகச் சொல்லிக்கொள்வார்கள். நானும் அந்த வயதில் பார்க்காத சினிமாவுக்கெல்லாம் கதை சொன்னவன்தான்.

சைலன்ட் ஹில் 2 இந்த மாதம் 8ஆம் தேதி வெளிவந்தது. 2001இல் கொனாமி கம்பெனி பிளேஸ்டேஷன் 2க்கு வெளியிட்ட கேமைப் போலந்து நாட்டின் புளூபர் டீம் என்ற கம்பெனி அடியிலிருந்து புதிதாகக் கட்டியிருக்கிறது. இந்த ஹாலோவீனுக்கு வந்தவற்றில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். உங்கள் மகனுக்கு வாங்கிக்கொடுக்கலாமா என்று கேட்டால், அதையும் யோசிக்காமல் சொல்வேன்: வேண்டாம்.

அட்டையில் ‘எம்’ என்ற எழுத்து இருக்கும், 17 வயதுக்கு மேல் என்று அர்த்தம். ஆனால் அந்த எழுத்தை மட்டும் காட்டி 14 வயதுப் பையனை மடக்க முடியாது. அதே எழுத்துப் போட்ட வேறு நாலு கேமின் பெயரைச் சொல்லி, அதெல்லாம் வாங்கிக் கொடுத்தீர்களே என்பான். அதனால் காரணத்தை நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஜேம்ஸ் என்ற ஒருவன். அவன் மனைவி மேரி நோயில் இறந்து 3 வருடம் ஆகிறது. அவளிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது, நம்முடைய இடத்தில் உனக்காகக் காத்திருக்கிறேன் என்று. அவன் காரை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கு வருகிறான். கேம் தொடங்கும்போது சாலையோரக் கழிப்பறை ஒன்றில், கறை படிந்த கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பேய் இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தாலே வயிற்றில் ஏதோ செய்கிறது. பிறகு ஊருக்குள் இறங்கினால் எங்கும் பனிமூட்டம். கையில் கிடைக்கும் பழைய ரேடியோ ஒன்று, உருவம் எதுவும் கண்ணில் படும் முன்பே இரைய ஆரம்பிக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. இரைச்சல் மட்டும் கூடிக்கொண்டே போகும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு விளையாடிய முதல் ராத்திரி, அந்த ரேடியோவுக்காகவே இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அந்தப் பனிமூட்டத்துக்கு ஒரு கதை உண்டு, உங்கள் கணவருக்குப் பிடிக்கும். 1999இல் முதல் சைலன்ட் ஹில் வந்தபோது, பழைய பிளேஸ்டேஷனுக்குத் தெருக்கோடி வரை வரைந்து காட்டும் சக்தி இல்லை. அந்தக் குறையை மூடிமறைக்கத்தான் பனியைப் போட்டார்கள். அதுவே தொடரின் அடையாளமாகிவிட்டது. இன்றைய இயந்திரத்துக்கு ஊர் முழுவதையும் பளிச்சென்று காட்ட முடியும். இருந்தும் பனியை எடுக்கவில்லை, எடுத்திருந்தால் ரசிகர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். சைலன்ட் ஹில் 2இன் 2001 பதிப்பில் தூரத்து மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கேமரா, இப்போது ஜேம்ஸின் தோளுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழையதை விளையாடியவர்கள் ‘எனக்குத்தான் எல்லாம் தெரியுமே’ என்று உள்ளே போனால், முதல் அடுக்குமாடிக் கட்டடத்தைத் தாண்டுவதற்குள் தெளிந்துவிடும். இசை அன்று போலவே இன்றும் அகிரா யாமவோகா.

அந்தப் பழைய கேமை நான் விளையாடியபோது எனக்கு 20 வயது சொச்சம். அரக்கர்களை அடித்துத் தள்ளிக்கொண்டே போனேன். கதை ஏதோ குழப்பமாக இருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான். இடையில் அம்மா படுக்கையில் விழுந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் பல மாதம் உட்கார்ந்தேன். இது எப்போது முடியும் என்று ஒரு ராத்திரி மனதில் ஓடியது. ஓடிய உடனேயே என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. இந்த மாதம் சைலன்ட் ஹில் 2ஐ மறுபடி விளையாடியபோதுதான் ஜேம்ஸ் எதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறான் என்று உறைத்தது. முடிவைச் சொல்லமாட்டேன். நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் களைப்பு, குற்றவுணர்ச்சி, தகப்பனால் சீரழிக்கப்பட்ட ஒரு பெண், தற்கொலை எண்ணம், இவையெல்லாம்தான் இந்தக் கேமின் உண்மையான பேய்கள். 14 வயதுப் பையன் பயந்துவிடுவான் என்பது என் கவலை இல்லை. ஒன்றும் புரியாமல், நான் செய்தது போலவே அடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். நல்ல கேம் வீணாகும். சில வருடம் கழித்து அவனே வாங்கிக்கொள்ளட்டும், எங்கும் ஓடிப்போகாது.

ஆனால் உங்கள் கணவர் விளையாட வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு. ரெசிடென்ட் ஈவில் ஆள் என்பதால் அவருக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: ‘குரோ கன்ட்ரி’. இந்த மே மாதம் வந்தது, பூட்டிக் கிடக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் 1990இல் நடக்கும் கதை. வெள்ளவத்தை நண்பன் வீட்டு டிவியில் பார்த்த அதே கட்டை உருவங்கள், அதே புதிர்கள், அதே ‘குண்டு தீர்ந்துபோச்சே’ பதற்றம். சண்டையே வேண்டாம், சுற்றிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கென்று தனி முறையும் வைத்திருக்கிறார்கள். நீங்களும் கூட உட்காரலாம்.

இனி மகன். அவனுக்கு நான் சொல்வது ‘ஃபியர் தி ஸ்பாட்லைட்’. 22ஆம் தேதிதான் வந்திருக்கிறது. கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் சேர்ந்து செய்த கேம். பயமுறுத்தும் படங்களுக்குப் பேர்போன ப்ளம்ஹவுஸ் கம்பெனி, கேம் பக்கம் வந்து முதன்முதலாக வெளியிட்டிருப்பதும் இதைத்தான். விவியன், ஏமி என்று இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள், ராத்திரி பள்ளிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து ஆவியை அழைக்கிறார்கள். வந்தது போக மறுக்கிறது. துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை. மேசைக்கடியில் ஒளிவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்வது, புதிர் அவிழ்ப்பது, இவ்வளவுதான் வேலை. விவியனுக்கு ஆஸ்துமா, கையில் இன்ஹேலர். அவன் வயதுப் பிள்ளைகளின் கதை, அவன் வயதுக்கான பயம். ஓரிரு இடங்களில் மனதைக் கனக்கவைக்கும், ஆனால் அவனால் புரிந்துகொள்ள முடிந்த கனம். விலையும் சைலன்ட் ஹில்லோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே.

‘சின்னப்பிள்ளை கேம் எனக்கெதுக்கு’ என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால், அடுத்த அஸ்திரம் ‘ஃபாஸ்மோஃபோபியா’. கணினியில் 2020 முதல் இருக்கிறது, பிஎஸ்5க்கு வருகிற 29ஆம் தேதி வருகிறது. நாலு பேர் வரை சேர்ந்து பேய் பிடிக்கப் போகலாம். பிடிக்க என்றால் அடிக்க அல்ல. இந்த வீட்டில் இருப்பது எந்த வகைப் பேய் என்று வெப்பமானியும் கருவிகளும் வைத்துக் கண்டுபிடித்துவிட்டு, உயிரோடு வேனுக்குத் திரும்ப வேண்டும். மைக்கில் நாம் பேசுவது பேய்க்கும் கேட்கும். தரையில் உப்பைத் தூவி வைத்தால் அது மிதித்த காலடி பதியும். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடும் கைகளுக்கு இது ஒன்றும் புதிய சங்கதி இல்லை! நிபந்தனை ஒன்றே ஒன்று: தெரிந்த பிள்ளைகளோடு தனி அறை திறந்து விளையாட வேண்டும். யார் யாரோ மைக்கில் பேசும் பொது அறைகளுக்குள் போகக்கூடாது. பேயைவிட அவர்கள் வாய் மோசம்.

‘எ குவைட் பிளேஸ்: தி ரோட் அஹெட்’ பற்றியும் கேட்பான், 17ஆம் தேதி வந்தது. சத்தம் கேட்டால் பாய்ந்துவந்து கொன்றுவிடும் ஜந்துக்கள். ஆஸ்துமாக்காரக் கதாநாயகி, இங்கேயும் இன்ஹேலர். இந்த வருடம் எழுதியவர்களெல்லாம் சொல்லிவைத்துக்கொண்டார்களோ என்னவோ. இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், விரும்பினால் மைக்கை இணைத்துக்கொள்ளலாம். நம் அறையில் எழும் சத்தமும் அந்த ஜந்துவின் காதில் விழும். பதினைந்து நிமிடம் பூனைபோல நடந்து கதவருகே வந்திருந்தேன். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. ஆள் காலி. தீபாவளிக்கு முதல் நாள், முறுக்குப் பிழியும் வீட்டில் இந்தக் கேமை ஜெயிக்கவே முடியாது. கதையும் நடையும் சுமார்தான், விலை இறங்கட்டும்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ‘அன்டில் டான்’ புதுப்பதிப்பு 4ஆம் தேதி வந்தது. உங்கள் ஆல்பர்ட்டா மலைப்பக்கம் நடக்கிற கதைதான். எட்டு இளசுகளில் யார் பிழைப்பது என்பது நாம் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது. 2015இல் வந்ததையே மினுக்கிவிட்டு முழு விலை கேட்கிறார்கள். பெரியவர்கள் கூடி விளையாட நல்லது, ஆனால் தள்ளுபடியில். ‘மவுத்வாஷிங்’ என்று ஒரு குட்டிக் கேம் பற்றி ஊரே பேசுகிறது. வாய் கொப்பளிக்கும் மருந்தை ஏற்றிப்போகும் விண்கப்பலில் ஐந்து பேர் மாட்டிக்கொள்ளும் கதை. சிரித்துக்கொண்டே உள்ளே போனேன், வெளியே வந்தபின் இரண்டு நாள் சரியில்லை. பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் மனம் தெம்பாக இருக்கும் நாளில். இந்த 2024 அக்டோபரில் கணினியில்தான் கிடைக்கிறது என்பதால் உங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. ‘பிளாக் ஆப்ஸ் 6’ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் 25ஆம் தேதி வருகிறது, அதில் ஜாம்பிகள் உண்டு. அது பயம் இல்லை, பட்டாசு.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பிளேஸ்டேஷன் கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால் பெரும்பாலும் காசு திரும்பாது. ஆகவே மகன் பொத்தானை அமுக்கும்முன் நீங்கள் பார்த்துவிடுங்கள். அவனுக்கென்று பிஎஸ்5இல் பிள்ளைக் கணக்கு திறந்து வயது வரம்பு போடலாம், பத்து நிமிட வேலை. அப்பா ராத்திரி விளையாடும் சைலன்ட் ஹில்லை மறுநாள் மகன் திறக்காமலிருக்க, அப்பா கணக்குக்கும் கடவுச்சொல் வேண்டும். அவருடைய பிறந்த தேதியை வைக்காதீர்கள், பையனுக்குத் தெரியும்.

போர்வைக்குள் புகும் மகளுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. இந்த ஜூனில் ‘லூயிஜிஸ் மேன்ஷன் 2’ புதுப் பளபளப்போடு ஸ்விட்ச்சுக்கு வந்தது, அதன் கதையைத் தனியாகத்தான் விளையாட வேண்டும். அதைவிட, 2019இல் சரியாக ஹாலோவீன் அன்றே வெளிவந்த ‘லூயிஜிஸ் மேன்ஷன் 3’ஐ வாங்குங்கள். வான்கூவரில் இருக்கும் நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் செய்தது. மாரியோவின் தம்பி லூயிஜி, ஒரு பேய் ஓட்டலுக்குள் வாக்குவம் கிளீனரை முதுகில் கட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறான், பேய்களை உறிஞ்சுகிறான். அவளைவிட அவனுக்குப் பயம் அதிகம். இருட்டு அறைக்குள் நுழையும்போது அந்தப் பெரிய மீசைக்காரனின் முட்டி நடுங்குவதைப் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். பயப்படுகிற பிள்ளைக்குத் தன்னைவிடப் பயந்தாங்கொள்ளி ஒருவன் துணை வருவதைப் போல வேறு மருந்து கிடையாது.

கடைசியாக மாமியார். நரகாசுரன் செத்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு வருடம் தவறாமல் சொல்பவர் அவராகத்தான் இருப்பார். அதில் இல்லாத ரத்தமா லூயிஜி வீட்டில் இருந்துவிடப்போகிறது? காலையில் எண்ணெய் முழுக்கு, கோயில், பலகாரம் எல்லாம் அவர் சொற்படி நடக்கட்டும். மாலையில் பிள்ளைகள் வேஷம் கட்டித் தெருவைச் சுற்றிவிட்டு வந்தபின், ஸ்விட்ச்சின் இரண்டாவது கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். இந்தக் கேமில் லூயிஜிக்குக் கூயிஜி என்று பச்சைக் களியால் ஆன நகல் ஒருவன் உண்டு. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் பேத்தி தனியாக விளையாட வேண்டியிருக்கும், பிறகு கூயிஜி வந்துவிடுவான். கம்பிச் சட்டங்களுக்குள் நுழைந்துபோவான், முள்ளில் நடந்தாலும் ஒன்றும் ஆகாது. தண்ணீர் பட்டால் மட்டும் கரைந்துவிடுவான், உடனே திரும்பியும் வந்துவிடுவான். அதை மாமியாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பேத்தி வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டாள் என்று சண்டை வரும்.