மழைப் பக்கங்களைத் தள்ளிப் படித்தவருக்கு

கேள்வி: சென்ற இதழில் நீங்கள் பரிந்துரைத்த மலையக நாவலை எங்கள் வாசகர் வட்டத்தில் எல்லோரும் படித்தோம். பதுளைப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கும் தலவாக்கலைப் பையனுக்கும் காதல். நல்ல கதைதான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மழை, காற்று, பனி. பலர் அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் படித்தார்கள். பாதியை வெட்டியிருக்கலாமே? அதோடு, ஒரு தோட்டத்துப் பெண் மலையைப் பார்த்து இவ்வளவு கவித்துவமாக யோசிப்பாளா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: அந்த இருவரும் ஏன் சேர முடியவில்லை என்பதே நீங்கள் தள்ளிய பக்கங்களில்தான் இருக்கிறது.

ஆடி, ஆவணியில் பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலையின் பேர்போன வாசம் அந்தக் காற்று கொடுப்பது. கொழுந்து குறைவதும் அதே காற்றால்தான். கொழுந்து இல்லையென்றால் வேலை நாள் குறையும். எடை வராத நாளில் அரைப்பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம். மலையின் மேற்குப் பக்கமான தலவாக்கலையில் அப்போது தென்மேற்குப் பருவமழை. அவன் மழையில் நனைகிறான், இவள் காய்ந்த மலையில் கூடையோடு நிற்கிறாள். கலியாணம் இரண்டு தரம் தள்ளிப்போவது இந்தக் காற்றால்தான். அதை வெட்டிவிட்டால் கதாசிரியர் எங்கிருந்தாவது ஒரு வில்லனைத்தான் கூட்டி வரவேண்டும். புகையிலை விற்ற காசு கைக்கு வந்த பிறகு கலியாணத்துக்கு நாள் வைத்த யாழ்ப்பாணத்து ஊர்க்காரர் நாங்கள். எங்களுக்கு இது விளங்காமல் போகலாமா?

உயர்தரத்தில் தமிழ் எடுத்தவர்கள் குறிஞ்சித் திணையை மனப்பாடம் செய்து புள்ளி வாங்கியிருப்பீர்கள். அந்தப் பாட்டுகளில் தலைவி சும்மா மலையழகைப் பார்த்துக்கொண்டா இருக்கிறாள்? தினைப்புனத்தில் கிளி விரட்டுகிறாள். அது வேலை. தினை கொய்து முடிந்தால் அவளை வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள், சந்திப்பும் நின்றுபோகும். மலைக் காதலுக்கு நாள் குறிப்பது அன்றைக்கும் பயிர்தான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அதற்குள் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன. அதையும் யாராவது பாதியாக வெட்டச் சொல்வார்களா தெரியவில்லை.

இன்னொரு கடிதம், மண்சரிவு அத்தியாயம் காதல் கதைக்குத் தேவையில்லாத சோகம் என்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. பதுளை மாவட்டத்தில் நடக்கும் கதையில் ஒரு தாய் மழைச் சத்தம் கேட்டு இரவில் எழுந்து உட்கார்ந்தால், அவள் எதை நினைத்து எழுந்தாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மலை அழகாக இருப்பது ஏப்ரலில் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு. அதன் சரிவில் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு அது அழகும் பயமும் சேர்ந்தது. நாவல் இரண்டையும் விடாமல் எழுதியிருப்பதால்தான் நான் அதைப் பரிந்துரைத்தேன்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. அது என்னைக் கோபப்படுத்தியது, மறைக்கப் போவதில்லை. எங்கள் ஊர்க் கதையில் ஒரு வாத்தியார் பனங்கூடலைப் பார்த்துக் கவிதையாக நினைத்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கொழுந்து எடுக்கிறவள் நினைத்தால் மட்டும் சந்தேகம் வருகிறது. கோப்பிக் கன்று நட்ட மலையைக் கைநீட்டிக் காட்டி, 'என் அண்ணனைத் தொலைத்த மலை அதுதான்' என்ற பொருளில் பாட்டுக் கட்டியவர்கள் அந்தச் சனங்கள். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களைப் படித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாடியவையும் அவற்றில் உண்டு. அவர்களின் பேத்திக்குக் கவித்துவம் வருமா என்று சுன்னாகத்திலிருந்து நாம் தீர்ப்புச் சொல்ல என்ன உரிமை?

1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியிருக்கிறார்கள். நாவலை அவர்களில் இரண்டு பேருக்குக் கொடுத்து, உங்கள் அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். மழைப் பக்கங்களை முதலில் அவர்கள் வாசிக்கட்டும். நீங்கள் அதற்குப் பிறகு பேசலாம்.