இரண்டு நாள் சளிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தந்தது சரியா?

கடலூரில் ஐப்பசி மழை பிடித்தால் வீட்டுக்கு ஒருவர் மூக்கைச் சிந்துகிறார். உங்கள் மகனின் இரண்டு நாள் சளிக்கு மருத்துவர் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் சளி என்றால் தேவையில்லை. அது வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். வீணாகக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம். அதைவிடக் கொடியது, உடலிலுள்ள பாக்டீரியா அந்த மருந்துக்கு அடங்காமல் போவது. நாளை உண்மையான தொற்று வரும்போது அதே மருந்து கைவிட்டுவிடும். இதற்காகவே செஃபிக்சிம் 2014 முதல் இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கிறது: மருந்துக்கடை சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும்.

மருத்துவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. “மருந்தே தராமல் அனுப்பிவிட்டாரே” என்று நாமும் வேறு கிளினிக் தேடுகிறோம். “இது எதற்கு, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். மூச்சுத்திணறலோ விடாத காய்ச்சலோ இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.