உடலை மண்ணாக்கும் இறுதிச்சடங்கு: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: அம்மா வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறார். தன்னை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம், மண்ணாக்கிவிடுங்கள் என்கிறார். விசாரித்த இடத்தில் 7,000 டாலர் கேட்கிறார்கள். இதிலேயே எல்லாம் அடங்கிவிடுமா? இப்போதே கட்டி வைக்கலாமா?

பதில்: உடலை மூடிய கலனில் மரச்சில்லு, வைக்கோலோடு வைத்து மக்கவிட்டு மண்ணாக்கும் இந்த முறை அந்த மாநிலத்தில் 2020 மே முதல் சட்டப்படி செல்லும். 7,000 என்பதும் இந்தத் தொழிலில் வழக்கமான விலைதான். ஆனால் அந்த விலைக்குள் என்னென்ன சேரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். விலைப்பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். நேரில் போனால் பட்டியல் தருவதும், போனில் கேட்டால் விலை சொல்வதும் அமெரிக்காவில் 1984 முதல் கூட்டாட்சி விதி. உடலை எத்தனை மைல் வரை இலவசமாக எடுத்துவருவார்கள், இறப்புச் சான்றிதழ் நகல்களுக்குத் தனிக் கட்டணமா, வழியனுப்பும் சடங்குக்கு எவ்வளவு என்று வரிவரியாகப் பாருங்கள்.

பலரும் கேட்க மறப்பது மண்ணைப் பற்றி. கடைசியில் கிடைப்பது ஒரு கலசம் அல்ல, ஏறத்தாழ ஒரு கன கெஜம். பிக்கப் டிரக்கின் பின்பகுதி நிரம்பிவிடும், சில நூறு கிலோ எடை. அபார்ட்மெண்டில் இருப்பவர் அதை எங்கே வைப்பார்? கொஞ்சம் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் காடு வளர்க்கும் நிலத்துக்குக் கொடுத்துவிடலாம். எந்த நிலம், வீட்டுக்குக் கொண்டுவந்து தர எவ்வளவு என்பதை முன்பே எழுதி வாங்குங்கள்.

முன்பணம் கட்டுவதானால் அந்தப் பணம் நிறுவனத்தின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் உங்களுக்காகத் தனிப் பொறுப்புக் கணக்கில் (trust account) இருக்குமா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், அம்மா வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லா மாநிலத்திலும் அனுமதி இல்லை. கலிஃபோர்னியா 2022-லேயே சட்டம் இயற்றினாலும் அது நடைமுறைக்கு வருவது 2027-ல்தான்.

இன்னொன்று: எம்பாமிங் (கெடாமலிருக்க ரசாயனம் ஏற்றுவது) செய்த உடலை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மருத்துவமனையிலிருந்து உடலை எடுத்துச்செல்பவரிடம் முதல் போனிலேயே 'எம்பாமிங் வேண்டாம், குளிரில் வைத்தால் போதும்' என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உள்ளே என்னதான் நடக்கிறது? எலும்பும் செயற்கை மூட்டும் என்ன ஆகும்? நாற்றம் வராதா?

பதில்: மூடிய கலனில் மரச்சில்லு, வைக்கோல், குதிரைமசால் (ஒரு தீவனப் பயிர்) நடுவே உடலை வைப்பார்கள். உடலில் நைட்ரஜனும் ஈரமும் அதிகம். மரச்சில்லு கார்பன் தருகிறது, வைக்கோல் காற்றுப்போக இடைவெளி விடுகிறது. காற்று குறைந்தால் நுண்ணுயிர்கள் மாறி அழுகல் நாற்றம் தொடங்கும். அதனால்தான் காற்றை ஊதிக்கொண்டே இருப்பதும், வெளிவரும் காற்றை வடிகட்டுவதும். சூடு நுண்ணுயிர்களே உண்டாக்குவது; தொடர்ந்து 72 மணி நேரம் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் நின்றால்தான் நோய்க்கிருமி சாகும்.

கலனில் ஐந்து முதல் ஏழு வாரம். பிறகு உலோகத்தைப் பொறுக்கி எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். மிஞ்சும் எலும்பை எந்திரத்தில் பொடித்து மண்ணிலேயே சேர்த்து, மேலும் சில வாரம் ஆறவிடுவார்கள். பேஸ்மேக்கரை மட்டும் தொடங்குமுன்பே எடுத்தாக வேண்டும். மண்ணில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இருக்கிறதா என்று சோதித்த அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். தயங்கினால் வேறு இடம் தேடுங்கள்.

கேள்வி: யாரை ஏற்க மாட்டார்கள்?

பதில்: க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் போன்ற பிரையான் நோய் (உருமாறிய புரதத்தால் மூளையைச் சிதைப்பது), எபோலா இருந்தவர்களை. பிரையான் இந்தச் சூட்டில் அழியாது. புற்றுநோய்க்கு உடலுக்குள் கதிரியக்க விதை (சிகிச்சைக்காகப் பதிக்கும் சிறு துகள்) வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அந்த மண்ணைக் காய்கறித் தோட்டத்தில் போடலாமா?

பதில்: கொலராடோவில் மனிதர் உண்ணும் பயிருக்குப் போடுவதையும், மண்ணை விற்பதையும் சட்டமே தடுக்கிறது. மற்ற இடங்களிலும் பூச்செடி, மரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. மரத்தைச் சுற்றி ஓரிரு அங்குலத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவித்தால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும்.